பின்கட்டுக்கு ஒரு பெட்டி

அந்தச் சலவை ஆலையில் ஒரு பெண்ணின் கை இஸ்திரி உருளைக்குள் போய்விட்டது. பக்கத்தில் நின்றவள் கத்தியது இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் ஆபீஸுக்கு ஓடிச் சொல்லி, அங்கிருந்து ஆள் வந்து இயந்திரத்தை நிறுத்துவதற்குள் விரல்கள் போனது போனதுதான். ஆலைக்குள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது. மருத்துவமனைத் துணிகள் வந்து போகிற இடம், சுத்தம் முக்கியம் என்பார்கள். கொண்டுவந்தாலும் அந்தத் தடித்த சுவர்களுக்குள் சிக்னல் வராது. விரல்கள் போன பிறகுதான் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கம்பியில்லா போன் கொடுக்கலாம் என்று முதலாளிக்குத் தோன்றியது.

அந்த வேலையை எடுத்துச் செய்ய வந்தவள், அதே ஆலையில் கிழிசல் தைக்கும் ஒருவரின் தங்கை. அண்ணன்தான் வீட்டில் சொன்னான், "எங்க இடத்துல போன் வைக்கப் போறாங்களாம், கேட்டுப் பாரேன்" என்று. அவள் போய்ப் பேசினாள், கிடைத்துவிட்டது.

கல்யாணம் சரிப்பட்டு வராமல் அண்ணன் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தவள் அவள். அப்பா இறந்தபோது அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போனான். அவன் போனதால் அவள் படித்தாள். இதை அண்ணன் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அண்ணியும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததே சில நாட்களில் அவளுக்குப் பாரமாக இருந்தது.

இந்த வேலையில் பெட்டிகளை மாட்டுவது சுலபம். எங்கே மாட்டுவது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பேஸ் ஸ்டேஷன் என்பது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. கையில் இருக்கிற போன் அந்தப் பெட்டியோடுதான் பேசும். பேசிக்கொண்டே நடந்தால், ஒரு பெட்டியின் பிடி தளர்வதற்குள் அடுத்த பெட்டி பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். இரும்பு மறைக்கும். தண்ணீர்த் தொட்டி மறைக்கும். ஈரத்துணி அடுக்கிய டிராலி ஒன்று குறுக்கே வந்தால் போதும், சிக்னலை அப்படியே குடித்துவிடும். அதனால் நீளக் கழியில் பெட்டியைக் கட்டி ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, ஒருவர் போனில் பேசிக்கொண்டே மூலை முடுக்கெல்லாம் நடக்க வேண்டும். குரல் உடைகிற இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு.

நடப்பதற்கு மேனேஜர் ஓர் ஆளைக் கொடுத்தார். பின்கட்டில் துணி மடிப்பவர். "அங்க இப்ப அவ்வளவா வேலை இல்ல, கூட்டிட்டுப் போங்க" என்றார். துணி மடிக்கிற அவரை ஆலையில் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். போட்டால் நிற்காது என்பதால் வந்த பெயர். அண்ணனுக்கு அடுத்த மேஜைக்காரர், வீட்டுக்கும் வந்து போகிறவர்.

"தங்கச்சி, கேக்குதா? நான் இப்ப வாஷிங் மெஷின் வரிசைல நிக்கிறேன்" என்றது போனில் அவர் குரல். "ரெண்டாவது மெஷின் இருமுது. என் பொண்டாட்டி மாதிரியே இருமுது. ஆனா இதுக்கு எண்ணெய் விட்டா நின்னுடும்."

"அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு அண்ணே?"

"இருக்கா. டாக்டர் மாத்திரையை மாத்திப் பார்க்கலாங்கறார். மாத்திரைய மாத்தறதுக்குப் பதிலா டாக்டரையே மாத்தலாமான்னு கேக்கறா. சரி, இப்ப நான் பாய்லர் பக்கம்…"

அதோடு குரல் தேய்ந்து போயிற்று. அவள் போய் அங்கே கோடு போட்டாள்.

இப்படி முன் ஷெட், இஸ்திரிப் பகுதி, நடைக்கூடம் என்று ஒவ்வொன்றாக முடித்தார்கள். கடைசியில் பின்கட்டு. பழைய கட்டடத்தின் மிச்சம் அது. இரும்புக் கதவைத் தாண்டி இரண்டடி வைத்ததும் ரேடியோவின் பேச்சு அறுந்தது. அவர் வாயசைவது கதவிலிருந்த கண்ணாடி வழியே தெரிந்தது. காதில் ஒன்றும் இல்லை.

அன்று மாலை மேனேஜர் அறையில் வரைபடத்தை விரித்து எங்கெங்கே பெட்டி வரும் என்று காட்டினாள். அவர் ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"பின்கட்டு வேண்டாம்மா."

"அங்கதான் சார் சுத்தமா சிக்னல் இல்ல. கதவுக்கு மேல ஒண்ணு மாட்டினா போதும்."

"தெரியும். வேண்டாம்." எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மடிக்கிற மெஷின் வருது. இஸ்திரி போட்ட இடத்துலயே மடிஞ்சு வெளிய வந்துடும். கிழிஞ்சதைத் தைக்கிறதை விட புதுசு வாங்கிக்கலாம்னு முடிவாயிடுச்சு. என் முடிவு இல்ல."

"எப்ப சார்?"

"ரொம்ப நாள் இல்ல. உங்க அண்ணன் அங்கதான் இருக்காருன்னு எனக்குத் தெரியும். காரணம் சொல்லலைன்னா நீங்க அங்க மாட்டணும்னு நின்னுட்டே இருப்பீங்க, அதான் சொல்றேன். ஒழுங்கா அறிவிக்கிற வரைக்கும் இது வெளிய போகக் கூடாது. போச்சுன்னா என் தலையும் உருளும், உங்க வேலையும் போகும்."

அவள் தலையாட்டினாள். வரைபடத்தை இரண்டு முறை பிரித்துச் சுருட்டினாள்.

வீட்டில் சாப்பிடும்போது அண்ணி பேச்சை எடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சொந்தமாகத் துணிக்கூடம் ஆரம்பிக்கிறார்களாம், மடிக்கவும் தைக்கவும் பழகின ஆட்களாகத் தேடுகிறார்களாம்.

"தூரம் ஜாஸ்தி, சம்பளமும் கொஞ்சம் கம்மி" என்றான் அண்ணன். "ஆனா பின்கட்டை மூடப் போறாங்கன்னு ஒரு பேச்சு அடிபடுது. அந்த வேலைக்கு ரேடியோ மனு எழுதியே வச்சிருக்கான். எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்கறாங்க. நான் போனா அவங்களும் வருவாங்க, நான் இருந்தா இருப்பாங்க. பெரிய தலைவலி." சாப்பிடுவதை நிறுத்தி அவளைப் பார்த்தான். "நீ ஆபீஸுக்குள்ளயே சுத்திட்டிருக்கியே. உன் காதுல ஏதாவது விழுந்துச்சா?"

"எனக்கு என்ன தெரியும் அண்ணா? நான் பெட்டி மாட்ட வந்தவ."

சொன்ன பிறகு, அதை எப்படியாவது திருப்பிவிட வேண்டும் என்று தவித்தாள். "எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒரு தடவை போய்க் கேட்டுப் பார்த்தா என்ன?" என்றாள்.

"போனா அன்னைக்கே இங்க தெரிஞ்சுடும். அப்புறம் மூடறாங்களோ இல்லையோ, மொத ஆளா என்னை அனுப்பிடுவாங்க." அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். "பார்ப்போம். ஏதாவது தெரியாமலா போகும்."

வேலை முடியட்டும், கடைசிப் பெட்டியை மாட்டிய அன்றே சொல்லிவிடலாம் என்று அவள் தனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். கேபிள் இழுத்தாள். நீராவி மண்டிய இஸ்திரிப் பகுதியில் ஏணி மேல் நின்று ஆணி அடித்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. ஒவ்வொரு பெட்டியிலும் பச்சை விளக்கு எரியும்போது வழக்கமாக வரும் திருப்தி இந்த முறை வரவில்லை.

எல்லாம் முடிகிற சமயத்தில்தான் அது நடந்தது. நடைக்கூடத்துப் பெட்டி எதுவரை எட்டுகிறது என்று கடைசியாகப் பார்க்கப் பின்கட்டுக்குள் போயிருந்தாள். மடிக்கிற மேஜையில் நின்றுகொண்டிருந்த வயதான அம்மா ஒருத்தி, கையில் பாதி மடித்த போர்வையோடு அப்படியே சரிந்தாள். தலை மேஜைக் காலில் இடித்தது. யாரோ தண்ணீருக்கு ஓடினார்கள். அண்ணன் அந்த அம்மாவின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "போன் பண்ணு, ஆபீஸுக்கு போன் பண்ணு" என்றான். அவள் கையில் போன் இருந்தது. அதில் சிக்னல் இல்லை. கதவைத் தாண்டி ஓடி, நடைக்கூடத்தில் நின்று பேச வேண்டியிருந்தது.

அந்த அம்மாவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, வெறும் மயக்கம்தான். ஆனால் திரும்பி வந்தபோது எல்லோரும் அவள் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்களுக்கு எங்க மாட்டப் போறே தங்கச்சி?" என்று ரேடியோ கேட்டார். "இல்ல, பின்கட்டுல விழறவங்க மெதுவா விழலாம்னு விட்டுட்டாங்களா?"

நடந்து பார்ப்பதற்காக அவள் சொந்தமாக வைத்திருந்த பெட்டி கழியில் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சக் கேபிளும் இருந்தது. மூடுகிற வரைக்கும் இங்கே மனிதர்கள் இருப்பார்கள், இருக்கிறவர்கள் விழவும் செய்வார்கள் என்று நினைத்தாள். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசிக்க அவகாசமும் எடுத்துக்கொள்ளவில்லை. ஏணியைக் கொண்டுவரச் சொன்னாள். ரேடியோ பிடித்துக்கொண்டார். இரும்புக் கதவுக்கு மேலே பெட்டியை மாட்டி, கேபிளை நடைக்கூடத்துக்கு இழுத்து இணைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

ரேடியோ போனை வாங்கி ஆபீஸைக் கூப்பிட்டு, "பின்கட்டுலேருந்து பேசறேன், டீ எப்ப வரும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் தையல் மிஷினிலிருந்து நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ இறுக்கம் விட்டது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குமே நெஞ்சில் ஏறியிருந்தது கொஞ்சம் இறங்கினாற்போல இருந்தது.

மறுநாள் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார்.

"இது என்னோட பழைய பெட்டி சார். கணக்குல வராது" என்றாள் முந்திக்கொண்டு. "நேத்து அந்தம்மா விழுந்தாங்க. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்னுதான்."

அவர் பெட்டியைப் பார்த்தார். உள்ளே மேஜைகளைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். "இருக்கட்டும்" என்றார். "நல்லதுதான்."

மேனேஜர் நல்ல மனுஷன் என்று அன்று நினைத்துக்கொண்டாள்.

வேலை முடிந்தது. கடைசி நாள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது தள்ளிப்போயிற்று. வீட்டில் அண்ணன் கலகலவென்று இருந்தான். இந்த நேரத்தில் எதற்கு என்று தோன்றியது. அறிவிப்பு வருவதற்குள் எப்படியும் சொல்லிவிடலாம். அதற்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் அடுத்த வேலை வந்தது. காலையில் போனால் இருட்டித்தான் வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இவள் கிளிப் எடுத்துக் கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரி வேலைக்கு ஆள் எடுத்து முடிச்சுட்டாங்களாம்" என்றாள் அண்ணி. "நல்லவேளை, நம்மாளுங்க யாரும் போகல. இந்த வயசுல ரெண்டு பஸ் மாறிப் போறது என்ன விளையாட்டா?"

"யாருமே போகலையா அண்ணி?"

"உங்க அண்ணன்தான் நிறுத்திட்டாரே. எல்லாம் உன் பெட்டியாலதான். மூடப் போற இடத்துக்கு எவனாவது போன் வைப்பானாடான்னு கேட்டாராம். அதோட எல்லாரும் அடங்கிட்டாங்க. ரேடியோ அண்ணன் எழுதி வச்சிருந்த மனுவைக் கிழிச்சே போட்டுட்டாராம்."

கிளிப் டப்பா அவள் கையில் இருந்தது. அண்ணி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இருக்கட்டும், நல்லதுதான் என்று மேனேஜர் சொன்னது யாருக்கு நல்லது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அண்ணன் கீழே நாற்காலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். பின்கட்டை மூடப் போவது நிஜம், பெட்டி நானாக மாட்டியது, ஆபீஸ் மாட்டச் சொல்லவில்லை.

அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"எப்பத் தெரியும்?"

"பெட்டி மாட்டறதுக்கு முன்னாடியே."

"சாப்பிடறப்ப உன்னைக் கேட்டேனே. அப்பவா?"

"அப்பத் தெரியும்."

"சரி." நாற்காலியை நிமிர்த்தி ஆட்டிப் பார்த்தான். இன்னும் ஆடியது. "அப்புறம் எதுக்கும்மா மாட்டின?"

"அந்தம்மா விழுந்தாங்கல்ல அண்ணா."

அவன் கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாற்காலியைத் தூக்கிச் சுவரோரமாக வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இடமெல்லாம் நிரம்பிவிட்டது, இனிமேல் எடுப்பார்களா தெரியாது என்றார்களாம்.

அதற்கடுத்த நாள் பின்கட்டில் எல்லோரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னான். மூடப் போகிறார்கள், இப்போதே வேறு எங்காவது பாருங்கள் என்று. உனக்கு யார் சொன்னது என்று கேட்டார்கள். தங்கையின் பெயரை அவன் எடுக்கவில்லை. ஆபீஸ் அறைகளுக்குள் போய் வருகிறவள், அங்கே காதில் விழுந்ததை வெளியே சொன்னாள் என்று தெரிந்தால் அவளை யாரும் உள்ளே விட மாட்டார்கள் என்று நினைத்திருப்பான். மேனேஜர் சொன்னதாகச் சொன்னான்.

"எப்ப சொன்னார்?" என்று ரேடியோ கேட்டார்.

அண்ணன் கையிலிருந்த துணியை மடித்து வைத்தான்.

"எங்களைப் போகாதீங்கன்னு நிறுத்தினியே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அதற்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. பின்னாடி என்றால், பிறகு அந்தப் பெட்டி எதற்கு என்று பேச்சு தங்கையிடம் வந்து நிற்கும் என்று பயந்திருப்பான். அவ்வளவுதான். அவன் ஆபீஸ் ஆள், கடைசி வரைக்கும் வேலை ஓடட்டும் என்று ஆட்களைப் பிடித்து வைத்தவன் என்று முடிவாகிவிட்டது. இதெல்லாம் பின்கட்டு ஆட்கள் சொல்லி, அண்ணி வழியாகத்தான் அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவளால் பொறுக்க முடியவில்லை. ரேடியோ வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை. திரைக்குப் பின்னால் அவர் மனைவி இருமிக்கொண்டிருந்தாள். அவர் அவளை உட்காரச் சொல்லி ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவரை அவ்வளவு நேரம் பேசாமல் அவள் பார்த்ததே இல்லை.

"உங்க அண்ணன் அனுப்பினானா?" என்றார்.

"இல்லண்ணே. நான் வந்தது அவனுக்குத் தெரியாது. சத்தியமா நான்தான்…"

"சரிம்மா. அண்ணனைக் காப்பாத்தணும்னு வந்திருக்க. கூடப் பொறந்தவ வேற என்ன செய்வே?" குரலில் கோபம் இல்லை. "அவன் உன்னைப் படிக்க வச்சான். நீ அவன் பழியைத் தலைல தூக்கிக்கற. எனக்குப் புரியுது. டீ குடிக்கிறியா?"

"நான் சொல்றதை நீங்க நம்பலையா?"

"பெட்டியை மாட்டறப்ப ஏணியைப் பிடிச்சவன் நான். உன் முகத்தைப் பார்த்துட்டுத்தான் நின்னேன். மூடப் போறாங்கன்னு தெரிஞ்சு மாட்டற முகமா அது?" திரைக்குப் பின்னால் இருமல் அதிகமாயிற்று. அவர் எழுந்து போனார். அவள் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டாள்.

அந்த மாதக் கடைசியில் பின்கட்டை மூடினார்கள். மேஜைகளை லாரியில் ஏற்றினார்கள். பெட்டியை வந்து எடுத்துக்கொள்ளும்படி மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். அவள் போகவில்லை. மயங்கி விழுந்த அம்மா மகள் வீட்டோடு போய்விட்டாள். தையல் தெரிந்த சிலர் வெளியே கடைகளில் ஒட்டிக்கொண்டார்கள். ரேடியோ ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிறார் என்றார்கள். அண்ணனுக்கு ஒரு மாவுக் கிடங்கில் மூட்டைக்கு வாய் தைக்கிற வேலை கிடைத்தது. சாயங்காலம் வரும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும். அவளோடு எப்போதும் போலத்தான் பேசினான். சாப்பிட்டியா என்று கேட்டான், சீக்கிரம் வா என்று சொன்னான். அவள் தனியாக ரூம் பார்த்துக்கொண்டு போகிறேன் என்றபோது, "எதுக்கு, இருக்கிற இடத்துல இரு" என்று முடித்துவிட்டான்.

"அவருக்கு உன் மேல கோபம் இல்ல" என்று அண்ணி ஒரு நாள் சொன்னாள். "கோபம் இருந்தா என்கிட்டயாவது கத்தியிருப்பார். அவரை நம்பி நின்னவங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான். பாதித் தூக்கத்துல எழுந்து உட்கார்ந்துக்கறார்."

மழைக்காலம் வந்தது. ஒரு காலை அவள் போன பஸ் சாலை முனையில் நெரிசலில் சிக்கி நின்றது. ஜன்னல் வழியே எதிர்ச் சாரி பஸ் நிறுத்தம் தெரிந்தது. நிழற்கூரைக்குக் கீழே அண்ணன் மட்டும் குடையோடு நின்றிருந்தான். ரேடியோ நனைந்தபடி ஓடி வந்தவர், கூரையை நெருங்கியதும் அண்ணனைப் பார்த்து நின்றார். பிறகு கூரைக்குள் வராமல் நாலடி தள்ளிப் போய், பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையிலேயே நின்றார்.

அண்ணன் ஏதோ சொன்னான். ரேடியோ திரும்பவில்லை. அண்ணனுடைய பஸ் வந்து நின்றது. அவன் குடையை மடித்து, கூரைக்குக் கீழே இருந்த சிமெண்ட் பெஞ்சில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டான். பஸ் போன பிறகு ரேடியோ கூரைக்கு அடியில் வந்து ஒதுங்கினார். குடை பெஞ்சில் கிடந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் பஸ் நகர்ந்தது.

சாயங்காலம் அண்ணன் சொட்டச் சொட்ட வந்தான். மாவும் தண்ணீரும் சேர்ந்து சட்டையில் பசையாகப் பிடித்திருந்தது.

"குடை எங்க?" என்றாள் அண்ணி.

"தொலைஞ்சு போச்சு."

அண்ணி மேலே கேட்கப் போனாள். தங்கை எழுந்து போய்த் துண்டை எடுத்துவந்து அண்ணனிடம் கொடுத்தாள். அவன் வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டான்.